பின்பக்கம் பார்த்து வாங்கிய அம்மா

எந்தப் பாக்கெட்டுக்கும் முன்பக்கம் ஒன்று உண்டு, பின்பக்கம் ஒன்று உண்டு. மைசூரில் தேவராஜா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்த காலம் முழுக்க முன்பக்கத்தை மட்டும் பார்த்தே விற்றேன். பசு படம் இருந்தால் பால் சாக்லேட். ஆரஞ்சுப் பழம் இருந்தால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பவுடர். வெள்ளைக்காரக் குழந்தை சிரித்தால் சத்து மாவு. எழுத்து எனக்குத் தெரியாது. ஹனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது, அதன் வாசலில் நான் ஆடு மேய்த்திருக்கிறேன், அவ்வளவுதான். எண் தெரியும். எண் தெரியாதவன் கடை வைக்க முடியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். பேச்சு வேறெங்காவது போய்விட்டால் லேசாக இருமுவாள்.

இப்போது இருமிவிட்டாள்.

பின்பக்கம் பார்த்து வாங்கிய ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வந்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டியில் கார்டு, பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அப்பா காலத்திலேயே ரயில்வே வேலைக்காகத் திருச்சிப் பக்கமிருந்து வந்துவிட்ட குடும்பம். கடைசிவரை அந்த அம்மாவின் பேரை நான் கேட்கவில்லை. கடைக்காரன் எதற்குப் பேர் கேட்க வேண்டும்? சந்தில் எல்லோரும் 'தந்தி அம்மா' என்பார்கள். அந்தப் பேரை வைத்தது எதிர்க்கடை பூக்காரி.

பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் புரட்டிவிடுவார், மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல. கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். விரல் நகத்தை ஒரு வரிக்கு அடியில் வைப்பார். உதடு அசையும். அந்த நேரத்தில் முகம் எப்படி இருக்கும் என்றால், வீட்டுக்குத் தந்தி வந்தால் பிரித்துப் படிக்கிறவர்கள் முகம் இருக்குமே, அப்படி இருக்கும். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பக்கத்தில் நிற்கிறவனும் கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பான். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்து நான் பயந்தது அவர் வந்த பிறகுதான்.

முதல்முதலாக வந்த அன்று, வீட்டில் சக்கரை வியாதிக்காரர் உண்டு என்று சொன்னார். நான் உற்சாகமாக ஒன்றை எடுத்து நீட்டினேன்.

“இந்தாங்கம்மா. சக்கரையே இல்லாத பிஸ்கட்டுங்க. படத்தப் பாருங்க, ஸ்பூன் மேல செவப்புக் கோடு போட்டிருக்கான்.”

புரட்டினார். வெகுநேரம் பார்த்தார்.

“சக்கரை இல்லதான் கடைக்காரரே. மாவு நூத்துக்கு அறுபத்தெட்டு.”

“மாவு இல்லாம பிஸ்கட்டு எப்படீங்க?”

“அதத்தான் நானும் சொல்றேன். மாவு வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்?”

“என்னாகும்ங்க, பசி அடங்கும்.”

“சக்கரையா ஆகும். முன்னாடி எழுதினவன் விக்கறதுக்கு எழுதியிருக்கான். பின்னாடி எழுதினவன்தான் விஷயத்தச் சொல்றான்.”

எதிரே மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பூக்காரி சும்மா இருக்க மாட்டாள். கன்னடக்காரி, சந்தில் இருந்து இருந்து தமிழ் பேசப் பழகியவள். “ஏன்ரீ அம்மா, தந்தி வந்த மாதிரி நின்னுட்டீங்க? யாராவது போயிட்டாங்களா?” என்று கத்தினாள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இன்னும் இல்ல,” என்றார்.

பூக்காரியின் கை நாரோடு அப்படியே நின்றுவிட்டது.

வியாதி அவர் மகளுக்கு. ஒரே பெண், பேர் சுதா. எட்டு வயதிலேயே வந்துவிட்டது. எனக்கு இப்போது இருக்கிற மாதிரி மாத்திரைக்கு அடங்குகிற சக்கரை இல்லை. தினமும் ஊசி. ஊசி குறைந்தால் ரத்தத்தில் சக்கரை ஏறிப்போய் ஆளைச் சாய்த்துவிடும். கூடிவிட்டால் சக்கரை இறங்கிப்போய் அதைவிடச் சீக்கிரம் சாய்த்துவிடும். சாப்பிடுகிற சாப்பாட்டில் மாவுச்சத்து எவ்வளவோ அந்த அளவுக்கு ஊசி. இந்தக் கணக்கை அந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது அமெரிக்காவில் இருந்த அவருடைய தம்பி. அப்போது மைசூரில் இப்படிக் கணக்குப் போட்டு ஊசி போட்டவர்கள் வேறு யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. இனிப்பைத் தொடாதே, சோற்றைக் குறை என்பார்கள், அதோடு சரி.

மாவு அறுபத்தெட்டு என்று தெரிந்த பிறகு வாங்காமல் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். இரண்டு பாக்கெட் வாங்கினார்.

“மாவு இருக்குன்னீங்களேம்மா?”

“இருக்குன்னு தெரிஞ்சு போச்சே. தெரிஞ்சா பயமில்ல. காலைல இட்லி வார்க்கறேன், அதுக்குப் பின்பக்கம் எங்க இருக்கு?”

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. எல்லோரும் வீட்டுச் சாப்பாட்டை நம்புவார்கள், பாக்கெட்டைப் பார்த்தால் பயப்படுவார்கள். இவருக்கு அது தலைகீழ். தன் கையால் வடித்த சோற்றைக் கண்டுதான் பயம். இட்லி நிறுக்க, தங்கம் நிறுக்கிற பழைய தராசு ஒன்று வாங்கினார், நான்தான் அசோகா ரோட்டில் தெரிந்த கடையில் சொல்லிவிட்டேன். கண்ணாடிப் பெட்டியும் பித்தளைத் தட்டுமாக இருக்கும். அதில் இட்லியை வைத்து நிறுப்பார். பெரிதாக இருந்தால் ஓரத்தைக் கிள்ளி எடுப்பார். சட்னிக்குக் கூடக் கணக்கு உண்டாம். பூக்காரி குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் பூக் கொடுக்கிறவள், இதையெல்லாம் வந்து சொல்வாள். “தாலி நிறுக்கற தராசுல இட்லி நிறுக்கறாங்கப்பா, நான் கண்ணால பார்த்தேன்” என்பாள்.

தசரா சமயத்தில் குவார்ட்டர்ஸில் தமிழ் வீடுகளில் கொலு வைப்பார்கள். தெருவில் உள்ள சின்னப் பெண்கள் எல்லாம் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சுண்டலுக்குப் போகும். சுதாவும் போகும், அம்மாவும் கூடவே போவார். பாட்டு முடிந்து பொட்டலம் கையில் வந்ததும் விசாரணை ஆரம்பமாகிவிடும். சுண்டலில் தேங்காய் எவ்வளவு, வெல்லம் போட்டீர்களா, எத்தனை கரண்டிக் கடலைக்கு எத்தனை பொட்டலம் வந்தது. ஒரு வீட்டுக்காரி பொறுக்க முடியாமல், “மாமி, நான் சுண்டல் குடுத்தேன், ரேஷன் கடை வெக்கல” என்றாளாம். அடுத்த வருஷம் அவர்களை யாரும் கூப்பிடவில்லை. வெற்றிலை பாக்கு மட்டும் ஆள் மூலம் வந்தது. “பாவம் ரீ, அந்தப் பொண்ணு பாவாடை கட்டிக்கிட்டுக் கேட்டாண்ட நின்னுட்டிருந்துச்சு, யாராவது கூப்பிடுவாங்கன்னு” என்று பூக்காரி வந்து சொன்னாள்.

சில நாள் அந்தப் பெண்ணையும் கடைக்கு அழைத்து வருவார். ஒல்லியான பெண், இரட்டைப் பின்னல், பேச்சு குறைவு. அம்மா பின்பக்கம் படித்துக்கொண்டிருக்கும்போது அது முன்பக்கப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். திடீரென்று அந்த அம்மா குனிந்து மகளின் வாய்க்கு நேரே மூக்கை வைத்து, “ஊது” என்பார். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனைப் போலீஸ்காரர் ஊதச் சொல்வது போல. சந்தில் நாலு பேர் பார்ப்பார்கள். அந்தப் பெண் காது சிவக்க ஊதும். சக்கரை ரொம்ப ஏறிவிட்டால் மூச்சில் அழுகிய பழ வாசனை வருமாம். அந்த வாசனைக்காகத்தான் அவர் எந்நேரமும் காத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இன்னொரு சோதனை. மருந்துக் கடையில் நீலத் தண்ணீர் ஒன்று விற்பார்கள். அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சிறுநீர் சில சொட்டு விட்டுக் காய்ச்சினால் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் சக்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்க் கடைசியில் செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. தம்பி கொடுத்தனுப்பிய ரத்தம் பார்க்கிற மிஷின் ஒன்று இருந்தது, அதற்கான பட்டை இங்கே சுலபத்தில் கிடைக்காது, பூட்டி வைத்திருந்தார். அதனால் தினமும் நீலத் தண்ணீர்தான். எங்களுக்குள் அதுவே நலம் விசாரிக்கிற பேச்சாகிவிட்டது.

“வாங்கம்மா. நீலமா?”

“நீலம் கடைக்காரரே.”

ஒரு நாள் நான், “நீலம்னா அப்புறம் என்னுங்க பயம், நிம்மதியா இருங்க” என்றேன். பையைத் தோளில் மாட்டியவர் நின்றார்.

“நீலத்துக்குக் கீழயும் ஒண்ணு இருக்கு. சக்கரை ரொம்ப எறங்கிப் போறது. அதுக்குன்னு தனி நிறம் கிடையாது. அதுவும் நீலமாத்தான் தெரியும்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் ஒரு நீல சோப்புப் பெட்டியை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் கடைக்குச் சரக்கு கொண்டுவந்தவர்களைக் குருவி என்போம். கையில் பெட்டியோடு விமானத்தில் போய், பெட்டி நிறையச் சாமானோடு திரும்பி வருகிற ஆட்கள். துபாய்க் கடைத்தெருவில் இங்கிலாந்துச் சரக்கும் இருக்கும், அமெரிக்கச் சரக்கும் இருக்கும், கைக்குக் கிடைத்ததை அள்ளி வருவார்கள். ஒருவன் ஒரு பெட்டி முழுக்க நாய்க்குப் போடுகிற பிஸ்கட்டைக் கொண்டுவந்துவிட்டான், முன்பக்கம் நாய் சிரிக்கிறதே என்று நான் கேட்டதற்கு...

இருமுகிறாள். சரி.

ஒருமுறை அந்த அம்மாவிடம் கேட்டேன், இத்தனை நாட்டுப் பாக்கெட்டையும் எப்படிப் படிக்கிறீர்கள் என்று. அவருக்கு அது பிடித்த பேச்சு. இரண்டு பாக்கெட்டைப் பலகைமேல் கவிழ்த்து வைத்தார்.

“இது அமெரிக்காக்காரன். ஒரு ஆள் ஒரு தடவை திங்கறதுக்கு எவ்வளவு மாவுன்னு எழுதுவான். அவன் சொல்ற ஒரு தடவை, ஒரு கைப்பிடிகூட இருக்காது. இது இங்கிலாந்துக்காரன். நூறு கிராமுக்கு எழுதுவான். ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சா பொண்ணு செத்துப் போவா. அப்புறம் நார்ச்சத்துன்னு ஒண்ணு இருக்கும். அது உடம்புல சேராம வெளிய போயிடும், சக்கரையா ஆகாது. மாவுல இருந்து அதைக் கழிச்சுடணும். என் தம்பி சொல்லிக் குடுத்தான்.”

“ஊருக்கு ஊர் இப்படி மாறுதுங்களே, பயமா இல்லீங்களா?”

“எழுத்துதான் ஊருக்கு ஊர் மாறும். நம்பர் எந்த ஊர்லயும் நம்பர்தான்.”

அந்த அம்மா வாயிலிருந்து தைரியமாக ஒரு வார்த்தை நான் கேட்டது அது ஒன்றுதான்.

லண்டனிலிருந்து அவருடைய நாத்தனார் லீவுக்கு வந்திருந்தபோது ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தாள். கோதுமைத் தவிட்டைச் சின்னச் சின்னக் குச்சியாக வறுத்தது, பாலில் போட்டுச் சாப்பிடுவது. அந்த அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டே கடைக்கு வந்துவிட்டார், இது இன்னும் கிடைக்குமா என்று. முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

“நூறு கிராம்ல மாவு நாப்பத்தாறு. நார் இருபத்தெட்டு. கழிச்சா எவ்வளவு?”

“பதினெட்டுங்க.”

“பதினெட்டு! ஒரு கிண்ணம் நெறைய சாப்பிட்டாலும் ஒண்ணுமில்ல. கடைக்காரரே, என் பொண்ணு வயிறு ரொம்பச் சாப்பிடலாம். நிறுக்காம சாப்பிடலாம்!”

நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். “ஏனுங்கம்மா, இத எங்கூர்ல மாட்டுக்கு வெப்போமே.”

“வெக்கட்டும். எம் பொண்ணுக்கும் வெக்கறேன்,” என்று சிரித்தார். பூக்காரி பூவை விட்டுவிட்டு எழுந்து வந்து பார்த்தாள், தந்தி அம்மா சிரிக்கிறார் என்று.

அந்தப் பெட்டி தீர்வதற்குள் நான் குருவியிடம் சொல்லி அதே படம் போட்ட பெட்டிகள் வரவழைத்துக் கொடுத்தேன். எல்லாம் இங்கிலாந்துப் பெட்டி. காலையும் சாயங்காலமும் சுதாவுக்கு அதுதான். மாவு கொஞ்சம்தானே, ஊசியும் கொஞ்சம்தான்.

கொஞ்ச நாளில் “நீலமா?” என்று கேட்டால் பதில் தாமதமாக வர ஆரம்பித்தது. பச்சை என்றார். மஞ்சள் என்றார். ஒருநாள் வந்து பலகையைப் பிடித்துக்கொண்டு, “ஆரஞ்சு” என்றார். கணக்கில் எங்கும் பிசகில்லை. அரை இட்லிகூடக் கணக்கில்லாமல் உள்ளே போகவில்லை. அப்படியானால் மிச்சம் ஒன்றுதான். பெண் வெளியில் எங்கோ திருட்டுத்தனமாகத் தின்கிறாள்.

பெண்ணைக் கடைக்கே இழுத்து வந்தார். என் பலகைமேலேயே பள்ளிக்கூடப் பையைக் கொட்டினார். புத்தகம், ஸ்கேல், தண்ணீர் பாட்டில். ஒரு மிட்டாய்த் தாள்கூட இல்லை.

“ஊது.”

ஊதியது.

“யாரு குடுத்தா? சொல்லு. அடிக்க மாட்டேன், சொல்லு.”

“சாப்பிடலம்மா.”

“அப்புறம் எப்படிடீ ஆரஞ்சு வரும்? நம்பர் பொய் சொல்லுமா?”

“தெரியலம்மா. தண்ணி குடிக்கட்டாம்மா?”

அந்தப் பெண் பாட்டிலைத் திறந்து மூச்சுவிடாமல் குடித்தது. காலர் எலும்பு வெளியே தெரிந்தது. பூக்காரி, “விடுங்க ரீ, மகு பயந்துபோச்சு” என்றாள். குழந்தையை அவள் மகு என்றுதான் சொல்வாள். அந்த அம்மா காதில் அது விழவில்லை.

அதற்கடுத்து வந்தபோது தனியாக வந்தார். “ஒத்துக்கிட்டா கடைக்காரரே” என்றார். “ஃப்ரெண்டு வீட்ல ஜாமூன் சாப்பிட்டாளாம். தெனமும். நேத்து கேட்டுக் கேட்டு, கடைசீல அழுதுக்கிட்டே சொல்லிட்டா.” அப்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. கணக்கு தப்பில்லை, பெண்தான் தப்பு என்கிற நிம்மதி. எத்தனையோ பயங்களை மறந்துவிட்டேன். அந்த நிம்மதியை மட்டும் மறக்க முடியவில்லை.

பிறகு சில நாள் அந்த அம்மாவைக் காணவில்லை. ஒரு மத்தியானம், மார்க்கெட்டில் கூட்டம் குறைந்திருந்த நேரம், தலைகூடச் சீவாமல் வந்து நின்றார்.

“சுதா ஆஸ்பத்திரில இருக்கா. மூச்சுல வாசன வந்துடுச்சு. கண்ண முழிக்க மாட்டேங்கறா. டாக்டர் கேக்கறார், என்ன சாப்பிட்டா, என்ன சாப்பிட்டான்னு. ஃப்ரெண்டு வீட்டுக்குப் போய்க் கேட்டேன், ஜாமூனே பண்ணலேங்கறாங்க. உங்க கடையில வாங்கினாளா? உண்மையச் சொல்லுங்க, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

“எம் புள்ளைங்க மேல சத்தியமா இல்லீங்கம்மா. நீங்க இல்லாம அந்தப் பொண்ணு இந்தச் சந்துக்கே வந்ததில்ல.”

“அப்புறம் என்னதான் சாப்பிட்டா? நான் குடுத்தது தவிட்டுக் குச்சிதானே?”

ஏதாவது செய்ய வேண்டுமே என்று, அன்று காலையில் வந்திறங்கிய மூட்டையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பலகைமேல் வைத்தேன். “இதுதானுங்களே? புதுசா வந்திருக்கு. அதே படம், அதே சாமான். இதுல ஒண்ணும் தப்பு இருக்க முடியாதுங்களே.”

பழக்கத்தில் கை நீண்டது. புரட்டினார். நகத்தை வரிக்கு அடியில் வைத்தார். உதடு அசைந்தது.

“இது அமெரிக்காப் பெட்டி,” என்றார்.

மறுபடி படித்தார். “முப்பது கிராமுக்கு மாவு இருபத்துநாலு. நார் பத்து. கழிச்சா பதினாலு. முப்பதுக்குப் பதினாலுன்னா நூத்துக்கு...” விரல்விட்டார். “நாப்பத்தாறு. நாப்பத்தேழு.”

“நீங்க பதினெட்டுன்னீங்களேம்மா?”

என்னிடம் பழைய இங்கிலாந்துப் பெட்டி ஒன்று மிச்சமிருந்தது. கேட்காமலே எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் நகம் போய் நின்ற இடம் எனக்கும் தெரிந்தது. எண் எனக்குத் தெரியுமே. நாற்பத்தாறு.

இங்கிலாந்துக்காரன் நாரை ஏற்கெனவே கழித்துவிட்டுத்தான் மாவை எழுதுகிறான். அமெரிக்காக்காரன் நாரையும் சேர்த்து எழுதுகிறான், படிக்கிறவர்தான் கழிக்க வேண்டும். ஏற்கெனவே கழித்ததிலிருந்து இவர் இன்னொரு தரம் கழித்திருக்கிறார். கிண்ணம் கிண்ணமாக உள்ளே போனதில் பாதிக்குக்கூட ஊசி போகவில்லை.

அந்த அம்மா அழவில்லை. இரண்டு பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டார். ரொம்ப மெதுவாக, எனக்குச் சொல்லாமல் பெட்டிக்குச் சொல்வது போலச் சொன்னார்:

“அவ ஜாமூன் சாப்பிடவே இல்ல. சாப்பிடாமலே சாப்பிட்டேன்னு சொல்லியிருக்கா.”

அப்படியே ஆஸ்பத்திரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் இறங்கி ஓடி ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். பூக்காரி, “கடைய நான் பாத்துக்கறேன், போங்க போங்க” என்று விரட்டினாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகிற வழி முழுக்க அவர் மடியில் அந்தப் பெட்டிகள் குலுங்கின. உள்ளே குச்சிகள் கலகலவென்று சத்தம் போட்டன. அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

டாக்டரிடம் பெட்டிகளைக் காட்டி அந்த அம்மா விவரம் சொன்னார். டாக்டர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிழைத்துவிடுவாள், இப்போது கொஞ்சம் நினைவு வருகிறது, அருகில் போய்ப் பேசுங்கள் என்றார். நான் கதவோரமாக நின்றேன். சுதாவின் கையில் குழாய் ஏற்றியிருந்தது. உதடு வெடித்துப்போயிருந்தது. அம்மா குனிந்ததும் அந்தப் பெண் கண்ணைத் திறந்தது. முதலில் பார்த்தது அம்மா முகத்தை இல்லை, கையில் இருந்த பெட்டிகளை.

“சாப்பிட மாட்டேம்மா,” என்றது. காற்றுதான் வந்தது, குரல் இல்லை. “இனிமே சாப்பிட மாட்டேன்.”

“என்ன சாப்பிட மாட்டே கண்ணு?”

“ஜாமூன்.”

“நீ ஜாமூன் சாப்பிட்டியாடி?”

பாக்கெட்டின் பின்பக்கத்தை அம்மா எப்படிப் பார்ப்பாரோ, அப்படி அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொரு வரியாக. எந்தப் பதில் சரியான பதில் என்று அங்கே எழுதியிருக்கும் என்பது போல. பிறகு கேட்டது:

“என்ன சொல்லணும்மா?”

நான் வெளியே வந்துவிட்டேன்.

பெண் வீடு திரும்பியது. அந்த அம்மா கடைக்கு மறுபடி வந்தார். ஆனால் பாக்கெட்டை எடுத்ததும் புரட்டுவதில்லை. முன்பக்கம் மேலே இருக்க அப்படியே பிடித்துக்கொண்டு, “இது எந்த ஊரு?” என்று முதலில் கேட்பார். குருவி சொன்னதை வைத்து நான் சொன்னாலும் நம்ப மாட்டார், வந்து போகிற காலேஜ் பெண்களை நிறுத்தி, “இது எந்த ஊருன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா, என் கண்ணு சரியில்ல” என்பார். கண் நன்றாகத்தான் இருந்தது. “நம்பர் எந்த ஊர்லயும் நம்பர்தான்” என்று அதற்குப் பிறகு ஒரு தரமும் சொல்லவில்லை.

“ஊது” என்பதும் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். சக்கரை இறங்கினால் வேர்க்குமாம். ஊசி குறைந்து பெண்ணைப் பறிகொடுக்க இருந்தவர், இப்போது ஊசியைக் கொஞ்சம் கூட்டியே போடுகிறார் என்று அவர் பேச்சிலிருந்து எனக்குப் புரிந்தது. ஒரு பயத்திலிருந்து எழுந்து இன்னொரு பயத்தில் போய் உட்கார்ந்திருந்தார்.

பிறகு வீட்டுக்காரருக்கு ஹூப்ளிக்கு மாற்றல் வந்தது. அதற்கப்புறம் அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பெண் இருந்தால் இப்போது அதற்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும். இருந்தால் என்று சொல்லும்போது மருமகள் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்க்கிறாள். எழுதம்மா.

ஊருக்குக் கிளம்புகிற அன்று கடைக்கு வந்தார். சாமானெல்லாம் லாரியில் போய்விட்டதாம். சந்து முனையில் ஆட்டோ நின்றது, உள்ளே சுதா தெரிந்தது. வழிக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். கவிழ்த்தார், படித்தார். பழைய பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“நீலமாம்மா?”

“நீலம்தான் கடைக்காரரே.” பாக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ரொம்ப நாளா தெனமும் நீலம்தான். அதான் பயமா இருக்கு.”

சொல்லிவிட்டுத் திரும்பி ஆட்டோவைப் பார்த்தார். அந்தப் பெண் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. ஒரு கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“சுதா!”

மார்க்கெட் சந்தே திரும்பிப் பார்த்தது. பூக்காரி பூவோடு எழுந்து நின்றுவிட்டாள். அந்த அம்மா செருப்பு கழன்றது தெரியாமல் ஓடினார்.

“தூங்கிட்டேம்மா,” என்று அந்தப் பெண் சொன்னது என் கடைவரைக்கும் கேட்டது.

அவர் ஏறி உட்கார்ந்து மகளின் நெற்றியில் கையை வைத்தார். அப்படியே வைத்த கையோடு ஆட்டோ போயிற்று. பூக்காரி செருப்பை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

பலகைமேல் அந்தப் பாக்கெட், அவர் கவிழ்த்து வைத்தபடியே கிடந்தது. எனக்குப் படிக்கத் தெரியாத பக்கம் மேலே இருந்தது. முன்பக்கம் வருகிற மாதிரி அதைத் திருப்பி வைக்க எனக்குக் கை வரவில்லை.